பிப்ரவரியில் தேறாத ராம்

2024 ஜூன் மாதம் ஒரு நாள் காலையில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி வந்து, இரண்டு பிளாஸ்டிக் பைகளை என் வாசலில் வைத்துவிட்டு, "தம்பி, இதற்குள் என் அப்பா இருக்கிறார், பத்திரம்" என்றார். உள்ளே 31 விஹெச்எஸ் வீடியோ கேசட்டுகள், அவற்றைக் கணினியில் ஏற்றித் தர வேண்டும். எண்பதுகளின் காவடி ஊர்வலங்கள், இரண்டு கல்யாணம், அப்புறம் அவருடைய அப்பா வேடம் கட்டி ஆடிய கூத்து. நம் ஊர்த் தெருக்கூத்துக்குத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று பெயர். ஆன்ட்டி பேசுவது ஆங்கிலம்தான். தம்பி, ஆயா, ரசம், காவடி மாதிரி சில சொற்கள் மட்டும் தலைமுறைகள் தாண்டியும் தமிழாகவே அவர் வாயில் தங்கியிருக்கின்றன. நான் நாகர்கோவிலிலிருந்து டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. என்னிடம் அவர் சொல்லும் அந்த ஒற்றைத் 'தம்பி'க்காகவே எந்த வேலையையும் தட்ட முடிவதில்லை.

கேசட்டுகளைச் சொல்லித்தான் ராமுக்கு, அதாவது கணினியின் தற்காலிக நினைவகத்துக்கு, வர வேண்டியிருக்கிறது. அவை இல்லாவிட்டால் என் கணினியின் ராம் தப்புக் கணக்குப் போடுகிறது என்பது எனக்குத் தெரிந்தே இருக்காது.

கணினி நானே 2023-இல் கூட்டியது. ப்ராசஸர் ரைசன் 7 7700, ராம் 16 ஜிபி ஸ்டிக் இரண்டு. டிடிஆர்5 தலைமுறை, அட்டைப்பெட்டியில் வேகம் 6000 என்று பெரிதாகவும் சிஎல்30 என்று சிறிதாகவும் போட்டிருந்தது. வாங்கிய முதல் மூன்று வாரம் அது 4800-இலேயே ஓடிக்கொண்டிருந்தது என்பதை வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன். பெட்டியில் எழுதிய வேகத்துக்குத் தானாகப் போகாது. கணினி எழும்போதே திறக்கும் அமைப்புப் பக்கமான பயாஸில் நுழைந்து எக்ஸ்போ என்பதை நாம்தான் இயக்க வேண்டும். இன்டெல் பலகையில் அதே வேலையைச் செய்வது எக்ஸ்எம்பி. இதை இயக்காமலேயே வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். காசு 6000-க்கு, ஓட்டம் 4800-இல்.

இன்னொரு குழப்பம் ஆன்ட்டியின் பேரனுக்கு வந்தது. பையனுக்குப் பத்தொன்பது வயது, விளையாட்டுக்கென்றே கணினி வைத்திருக்கிறான். ஒரு நாள் ஓடி வந்து, "அங்கிள், ஏமாற்றிவிட்டார்கள், சிபியு-இசட் 3000 என்று காட்டுகிறது" என்றான். சிபியு-இசட் என்பது கணினியின் பாகங்களைப் படித்துக் காட்டும் நிரல். ஏமாற்று எதுவும் இல்லை. கடிகாரத் துடிப்பு 3000 மெகாஹெர்ட்ஸ்தான். ஒவ்வொரு துடிப்பிலும் இரண்டு முறை தரவு கைமாறுகிறது, ஆக நொடிக்கு 600 கோடி கைமாற்றம். டிடிஆர் என்ற பெயரில் வரும் முதல் 'டி' அந்த இரட்டைக்குத்தான். கடைக்காரர்கள் 6000 மெகாஹெர்ட்ஸ் என்றே சொல்லிச் சொல்லிப் பழக்கிவிட்டார்கள்.

சிஎல்30 என்பதை அவனுக்குக் கணக்காகவே போட்டுக் காட்டினேன். கேட்ட தரவு வரத் தொடங்க 30 துடிப்பு ஆகும். 3000 மெகாஹெர்ட்ஸில் 30 துடிப்பு என்றால் 10 நானோ நொடி. அவனுடைய பழைய டிடிஆர்4 3200, சிஎல்16: அதுவும் 10 நானோ நொடி. அதற்கும் முந்தைய காலத்து டிடிஆர் 400, சிஎல்2: மறுபடியும் 10. பையனுக்கு நம்பிக்கை வரவில்லை, கைப்பேசியில் தானே போட்டுப் பார்த்தான். தலைமுறைக்குத் தலைமுறை ஒரே நேரத்தில் அள்ளித் தரும் அளவுதான் கூடுகிறது. முதல் சொட்டு வருவதற்கான காத்திருப்பு கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. எக்ஸ்போ போடாத 4800, சிஎல்40 என்றால் அது 16.7 நானோ நொடி, நல்ல டிடிஆர்4-ஐ விட மோசம். டிடிஆர்5 வந்த புதிதில் 'புதுசு வாங்கியும் வித்தியாசமே தெரியவில்லை' என்று பலர் புலம்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, அளந்து பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். அளப்பதில் முதல் அடி எனக்கே விழுந்தது. சும்மா ஒரு சின்ன சி நிரல் எழுதி, ஒரு வரிசையை இன்னொன்றுக்கு நகலெடுக்க வைத்து நேரம் பார்த்தேன். நொடிக்கு 300 ஜிபிக்கு மேல் வந்தது. ஒரு பத்து நிமிடம் உலகத்திலேயே வேகமான ராம் என்னுடையதுதான். அப்புறம்தான் உறைத்தது, வரிசை மொத்தமும் ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் எல்3 கேஷ் என்ற 32 எம்பி குட்டி நினைவகத்தில் அடங்கிவிட்டது. நான் அளந்தது ராமை அல்லவே, வாசல் திண்ணையைத்தானே. ஜான் மெக்கால்பின் 1991-இல் தொடங்கிய ஸ்ட்ரீம் என்ற சோதனை நிரலில் இதற்கு விதியே இருக்கிறது: ஒவ்வொரு வரிசையும் கேஷைப் போல் குறைந்தது நான்கு மடங்கு இருக்க வேண்டும். என் ப்ராசஸருக்கு 128 எம்பி. ஸ்ட்ரீமில் தானாக வரும் அளவு ஒரு கோடி எண்கள், அதாவது 80 எம்பி. அதுவே போதாது. நான் பத்துக் கோடியாக ஏற்றினேன், தொகுக்கும்போதே, நிரலின் துண்டுகளை இணைக்கும் லிங்கர் முறைத்தது. மூன்று வரிசையும் சேர்ந்து 2 ஜிபியைத் தாண்டினால் கம்பைலருக்குத் தனியாக ஒரு கட்டளை கொடுக்க வேண்டும். எட்டுக் கோடியாகக் குறைத்ததும் ஓடியது.

காகிதத்தில் 6000-க்கு, ராமுக்கும் ப்ராசஸருக்கும் நடுவே உள்ள சேனல் என்ற பாதை இரண்டும் சேர்ந்து நொடிக்கு 96 ஜிபி. 6000 மில்லியன், தடவைக்கு 8 பைட், இரண்டு சேனல். ஐடா64 என்ற அளக்கும் நிரலில் என் கணினிக்கு வந்த வாசிப்பு வேகம் 60. எக்ஸ்போ இல்லாமல் 4800-இல் 54. முதலில் ஸ்டிக்கைச் சந்தேகப்பட்டேன். தப்பு ஸ்டிக்கில் இல்லை. இந்த ப்ராசஸரில் கணக்குப் போடும் சில்லு வேறு, ராமோடு பேசும் சில்லு வேறு. இரண்டையும் இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் 2000 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, துடிப்புக்கு 32 பைட் வாசிக்கலாம். பெருக்கினால் 64 ஜிபி. அதற்கு மேல் ஒரு பைட்கூட வராது. இங்கே போக்குவரத்து சிக்னலுக்கு ரோபாட் என்று பெயர். ஹிக்கின்சன் நெடுஞ்சாலையில் நூறில் பறந்து வந்தாலும் சாட்ஸ்வொர்த்துக்குள் இறங்கினதும் முதல் ரோபாட்டில் எல்லாரும் ஒன்றுதான். கணக்குச் சில்லு ஒன்றே உள்ள ரைசன்களுக்கு, 6000-க்கு மேல் காசு கொட்டுவதில் நொடிக்கு அள்ளும் அளவு வளராது என்பது அன்றைக்குப் புரிந்தது. வளர்வது தாமதத்தில்தான், அதாவது குறைவது. ஐடா64 காட்டிய தாமதம் 4800-இல் 88 நானோ நொடி, எக்ஸ்போவில் 73.

இங்கே நிறுத்தியிருந்தால் இந்தப் பதிவு இல்லை.

ஜூலை மாதம், பள்ளி விடுமுறைக் குளிர். டர்பன் குளிர் என்றால் ஜோகன்னஸ்பர்க்காரர்கள் சிரிப்பார்கள், இருந்தாலும் தகரக் கூரை போட்ட என் பின்கட்டு அறையில் இரவில் 17 பாகை வரை இறங்கும். பேரன் வந்து உட்கார்ந்தான். "அங்கிள், 73 எல்லாம் ஒரு எண்ணா? டிரெஃபியை ஏற்றுங்கள்." சபலம் யாரை விட்டது. ஏற்றினேன்.

டிரெஃபி என்னவென்று சொல்லிவிட வேண்டும், மொத்தக் கதையும் அதில்தான் நிற்கிறது. ராமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு குட்டி மின்தேக்கியில் இருக்கும் மின்னூட்டம். குடம் நிறைய இருந்தால் 1, காலியாக இருந்தால் 0. ஆனால் குடம் ஓட்டைக் குடம், சும்மா வைத்திருந்தாலும் கசியும். கசிந்து அடையாளம் தெரியாமல் போவதற்குள் வாசித்து மறுபடி நிரப்பிவிட வேண்டும். டிடிஆர்5-இல் இந்த நிரப்பும் கட்டளை சராசரியாக 3.9 மைக்ரோ நொடிக்கு ஒருமுறை போகிறது, டிடிஆர்4-இல் 7.8. நிரப்பிக்கொண்டிருக்கும்போது ராம் வேறு கேள்விக்குப் பதில் சொல்லாது, ப்ராசஸர் வாசலில் நிற்கும். இந்த இடைவெளியைத் துடிப்புக் கணக்கில் சொல்வதுதான் டிரெஃபி. என் வேகத்தில் தானாக வருவது 11,700-ஐ ஒட்டிய எண். பையன் சொன்னது 50,000. நிரப்புகிற வேலை நான்கில் ஒரு பங்குக்கும் கீழே போகிறது, காத்திருப்பு குறைகிறது. இன்னும் நாலைந்து எண்களையும் இறுக்கினோம். தாமதம் 73-இலிருந்து 63-க்கு வந்தது. பையன் கையைத் தட்டினான், நானும்தான்.

தேர்வு வைக்காமல் விடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். யுஎஸ்பியிலிருந்து மெம்டெஸ்ட்86, இலவசப் பதிப்பு அனுமதிக்கும் நான்கு சுற்றும் இரவெல்லாம் ஓடியது. மறுநாள் விண்டோஸில் டெஸ்ட்மெம்5, மூன்று மணி நேரம். ஒரு பிழையும் இல்லை. ராம் ஸ்டிக்கின் வெப்பம் 41 பாகை. டிடிஆர்5 ஸ்டிக்கில் வெப்பமானி உள்ளேயே இருக்கிறது, ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற நிரலில் பார்க்கலாம். ஒரு காகிதத்தில் 'தேறியது, ஜூலை' என்று எழுதிக் கேபினட்டின் மேல் ஒட்டினேன். கேசட் வேலையைத் தொடங்கினேன்.

வேலை மெதுவாகத்தான் போகும். ஒரு மணி நேரக் கேசட்டை ஏற்ற ஒரு மணி நேரம், குறுக்குவழி கிடையாது. ஏற்றியதை எஃப்எஃப்வி1 என்ற இழப்பில்லாத வடிவத்தில் வைத்தேன். ஆவணக் காப்பகங்கள் விரும்பும் வடிவம், மணிக்கு 30 ஜிபி போல எடுக்கும். ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 எடுத்து ஒரு பட்டியலில் குறித்துக்கொண்டேன். 64 எழுத்து நீளமுள்ள கைரேகை என்று வையுங்கள். கோப்பில் ஒரே ஒரு பிட் புரண்டாலும் கைரேகை முழுவதும் மாறிவிடும்.

பிப்ரவரி தொடக்கம், தைப்பூசத்துக்கு முந்தின வாரம். ஆன்ட்டி வீட்டில் காவடி விரதம், அதனால் எனக்கும் மட்டன் பன்னி சாவ் (ரொட்டியைக் குடைந்து உள்ளே கறி நிரப்பும் டர்பன் சாப்பாடு) வருவது நின்று பீன்ஸ் பன்னி வந்துகொண்டிருந்தது. அப்பாவின் காவடிக் கேசட்டை அன்றைக்குப் போட்டுக் காட்டலாம் என்று கோப்புகளை வெளி வட்டுக்கு நகலெடுத்துக் கைரேகையைச் சரிபார்த்தேன். இரண்டு கோப்புகள் பொருந்தவில்லை.

வட்டுதான் போய்விட்டது என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அதைத்தான் நினைப்பார்கள். மறுபடி நகலெடுத்தேன். முந்தின இரண்டும் இப்போது சரி, வேறொன்று தப்பு. வட்டின் தழும்பு இடம் மாறாது, இன்றைக்குத் தப்பான இடம் நாளைக்கும் தப்பாகத்தான் இருக்கும். இது ஊர் சுற்றுகிற தப்பு. இன்னொரு வேடிக்கையும் நடந்தது. 6 ஜிபி அளவுள்ள சின்னத் துண்டு ஒன்று, எத்தனை முறை சரிபார்த்தாலும் அதே தவறான கைரேகையைத் தந்தது. கணினியை அணைத்துப் போட்டதும் சரியான கைரேகை வந்துவிட்டது. ஏனென்றால் ஒருமுறை வாசித்த கோப்பை இயங்குதளம் ராமிலேயே வைத்திருந்து அடுத்த முறை அங்கிருந்தே எடுத்துக் கொடுக்கிறது. புரண்ட பிட் அங்கே உட்கார்ந்திருந்தது. வட்டில் இருந்தது பழுதில்லாமல்தான் இருந்தது. கணினியை அணைத்ததோடு அந்தப் பொய்யும் அழிந்துபோனது. இதைக் கண்டுபிடித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏழு மாதமாக இந்தக் கணினியில் நான் செய்த எல்லா வேலையும் மனதுக்குள் ஒவ்வொன்றாக வந்து நின்றது.

'டிடிஆர்5-இலேயே பிழை திருத்தும் வசதி இருக்கிறதே' என்று நீங்கள் கேட்கலாம், நானும் அதை நம்பித்தான் இருந்தேன். அது சில்லுக்குள் மட்டும் நடக்கும் திருத்தம். 128 பிட்டுக்கு 8 பிட் காவல். ஒரு பிட் புரண்டால் திருத்திவிடும். அதே 128-க்குள் இரண்டு புரண்டால் கைவிரித்துவிடும். சில்லிலிருந்து ப்ராசஸர் வரைக்குமான வழிக்கு அதில் காவலே இல்லை. எல்லாவற்றையும் விட, எத்தனை பிட்டைத் திருத்தியது என்று சாதாரணக் கணினியில் நமக்குச் சொல்வதும் இல்லை. சர்வர்களில் போடும், முழுதாகவே பிழை திருத்தும் இசிசி ராம் வேறு ஜாதி, அதில் கூடுதல் சில்லுகளும் கூடுதல் கம்பிகளும் உண்டு.

அப்போதுதான் கேபினட் மேலிருந்த காகிதத்தைப் பார்த்தேன். 'தேறியது, ஜூலை.'

ஓட்டைக் குடம் வெயிலில் வேகமாகக் கசியும். இது உவமைக்காகச் சொன்னதில்லை, மின்தேக்கியின் கசிவு வெப்பத்தோடு நிஜமாகவே கூடுகிறது. சில்லு 85 பாகையைத் தாண்டினால் நிரப்பும் வேகத்தை இரட்டிப்பாக்க வேண்டும் என்று தர விதியே இருக்கிறது. என் ஸ்டிக் 85-ஐத் தொடவில்லை. ஆனால் நான் இடைவெளியை நான்கு மடங்கு நீட்டி வைத்திருந்தேனே, விதி விட்டுவைத்த இடத்தையெல்லாம் நானே தின்றுவிட்டேன். ஜூலையில் 41 பாகையில் நின்ற குடம் பிப்ரவரியில் எத்தனை பாகையில் நின்றது?

அறையைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பிப்ரவரி மதியத்தில் அந்தத் தகரக் கூரையின் கீழ் 33, 34 பாகை. ஜன்னலைத் திறக்கலாம்தான். திறந்தால் குரங்கு வரும். மிகையாகச் சொல்லவில்லை. சாட்ஸ்வொர்த் பக்கம் வெர்வெட் குரங்குகள் கூட்டமாகச் சுவர் மேல் நடந்து போகும், ஜன்னல் திறந்திருந்தால் வாழைப்பழம், ரொட்டி, ஒருமுறை என் கண்ணாடி. அதனால் நான் வெளியே போகும்போதெல்லாம் ஜன்னல் மூடி. வீடியோவை மாற்றும் வேலைகளை நான் வெளியே போகும்போதுதான் ஓட விடுவேன். அதாவது கணினி அதிகம் உழைக்கும் நேரமும் அறை அதிகம் வேகும் நேரமும் ஒன்றே. ஜூலை இரவில் நான் வைத்த தேர்வுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

மறுதேர்வை ஒழுங்காக வைக்கலாம் என்று பிப்ரவரி கடைசியில் இறங்கினேன். மின்வெட்டு பத்து மாதம் எங்களை மறந்திருந்தது, ஜனவரி 31 அன்று ஞாபகம் வந்து திரும்பி வந்தது. நான் தேர்ந்தெடுத்த ஞாயிறு பிப்ரவரி 23. அன்றைக்குப் பார்த்து ஆறாம் கட்ட மின்வெட்டு, கட்டத்தின் எண் ஏற ஏற இருட்டும் கூடும். மூன்று மணி நேரத் தேர்வு இரண்டு மணி நாற்பதாவது நிமிடத்தில் இருட்டில் முடிந்தது. மின்சாரம் வந்த பிறகும் டிடிஆர்5 உடனே எழவில்லை. ராமோடு பேசும் நேரங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும் 'ட்ரெயினிங்' என்ற வேலையை முதலிலிருந்து செய்யத் தொடங்கிவிட்டது. சில நிமிடங்களுக்குத் திரையில் ஒன்றும் வராது. முதன்முதலாக இந்தக் கணினியைக் கூட்டிய அன்று இதே கறுப்புத் திரையைப் பார்த்து, பலகையே செத்துவிட்டது என்று எல்லாவற்றையும் கழற்றியவன் நான். பயாஸில் 'மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோர்' என்று ஒன்று இருக்கிறது, பழைய முடிவுகளையே வைத்துக்கொண்டு சீக்கிரம் எழும். தேர்வு நடத்தும் நாட்களில் அதை நான் அணைத்து வைப்பேன். ஒவ்வொரு முறையும் புதிதாகப் பயின்று வந்தும் தேறுகிறதா என்று பார்க்க வேண்டுமே.

அடுத்த நாட்களில் மின்சாரம் போகாமல் இருந்தது. ஜன்னல் மூடி, மதியம் பன்னிரண்டு மணி. டெஸ்ட்மெம்5 மட்டும் ஓட்டியபோது ஸ்டிக் 52 பாகை, பிழை இல்லை. இதை வைத்துத் தேறியது என்று சொல்லியிருப்பேன், பழைய ஆளாக இருந்தால். அந்தச் சோதனையின்போது கிராஃபிக்ஸ் அட்டை சும்மா குளிர்ந்து கிடக்கிறது. வீடியோ வேலையில் அது ராமுக்குக் கீழேயே அடுப்பு மாதிரி எரியும், சூடெல்லாம் நேரே மேலே. ஆகவே அட்டைக்கும் ஒரு பளு கொடுத்துக்கொண்டே மறுபடி ஓட்டினேன். ஸ்டிக் 61 பாகைக்கு ஏறியது. ஒரு மணி பத்து நிமிடத்தில் முதல் பிழை. அடுத்த இருபது நிமிடத்தில் மேலும் மூன்று.

இதற்குப் பிறகு செய்தது எளிது, ஆனால் பொறுமை வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினேன். டிரெஃபியைத் தானியங்கிக்குத் திருப்பிவிட்டு, இறுக்கிய மற்ற எண்களை அப்படியே விட்டு, அதே மதியம், அதே மூடிய ஜன்னல், அதே 61 பாகை. நான்கு மணி நேரம், பிழை இல்லை. ஒய்-க்ரஞ்சரில் இரண்டு மணி நேரம், பிழை இல்லை. அது பை எண்ணைக் கோடிக்கணக்கான இலக்கத்துக்குக் கணக்கிடப் பிறந்த நிரல், ப்ராசஸரையும் ராமையும் சேர்த்துப் பிழியும், மெம்டெஸ்ட்86 மாதிரி மென்மையாகக் கேட்காது. அப்புறம் உறுதிக்காக டிரெஃபியை மீண்டும் 50,000 ஆக்கினேன். ஐம்பது நிமிடத்தில் பிழை வந்தது. குற்றவாளி கையும் களவுமாகச் சிக்கியது.

எவ்வளவு வேகத்துக்காக இதெல்லாம்? ஆன்ட்டியின் கேசட் ஒன்று, 40 நிமிடக் காட்சி, எல்லாரும் கைப்பேசியில் பார்க்கிற மாதிரி சுருக்குவதற்கு 4800-இல் 31 நிமிடம் 10 நொடி. எக்ஸ்போவில் 29 நிமிடம் 50 நொடி. ஜூலையின் வீரதீர எண்களில் 29 நிமிடம் 35 நொடி. எக்ஸ்போ போட்டதில் கிடைத்தது ஒன்றேகால் நிமிடத்துக்கும் மேல், அதற்கு மேல் நான் பிழிந்தெடுத்தது 15 நொடி. 7-ஜிப்பில் வித்தியாசம் இதைவிடப் பெரியது, சுருக்கும் வேலை ராமின் தாமதத்தை நிறையவே பார்க்கும். ஆனால் நான் நாள் முழுவதும் ஜிப் செய்துகொண்டா இருக்கிறேன்?

டிசம்பரிலும் ஜனவரியிலும் ஏற்றிய ஏழு கேசட்டுகள் மிச்சச் சிக்கல். எஃப்எஃப்வி1 ஒவ்வொரு சட்டகத்தையும் துண்டுகளாக வைத்து ஒவ்வொன்றுக்கும் சரிபார்ப்பு எண் போடும். ஏழும் அந்தச் சரிபார்ப்பில் தேறின. ஆனால் பிட் புரண்டது சுருக்குவதற்கு முன்பே என்றால்? தப்பான படத்துக்குச் சரியான எண் போட்டுத் தந்திருக்கும். ஐந்து கேசட்டுகளை மறுபடி ஓட்டி ஏற்றினேன். இரண்டில் பூஞ்சை, இன்னொரு முறை ஓட்டினால் நாடா தாங்குமா என்று பயம். அதில் ஒன்று கூத்துக் கேசட். போய் ஆன்ட்டியிடம் உள்ளதைச் சொன்னேன். எங்கேயாவது ஒரு புள்ளி நிறம் மாறியிருக்கலாம், மாறாமலும் இருக்கலாம், எனக்கு உறுதி சொல்ல முடியவில்லை என்றேன். அவர் கொஞ்சம் யோசித்து, "அந்தப் புள்ளியால் அப்பா முகம் மாறுமா?" என்றார். மாறாது ஆன்ட்டி என்றேன். "அப்பா பௌடர் பூசினாலே முகம் அடையாளம் தெரியாது தம்பி. கறி ஆறுகிறது, உட்கார்." விரதம் முடிந்திருந்தது. மட்டன்.

இப்போது என் கணினியில் எக்ஸ்போவின் 6000, சிஎல்30, இறுக்கிய மற்ற எண்கள் அப்படியே, டிரெஃபி மட்டும் தானியங்கி, ராமைப் பார்த்த மாதிரி ஒரு 120 மிமீ விசிறி. தாமதம் 68. ஸ்டிக் மதியத்திலும் 50-ஐத் தாண்டுவதில்லை. விசிறி போட்ட பிறகு 50,000-ஐ மறுபடி முயலலாமே என்று பேரன் கேட்டான். விசிறி ஒரு நாள் நிற்கும், அன்றைக்கு நான் வெளியே போயிருப்பேன் என்றேன். அவனுடைய கணினியில் இருப்பது 7800எக்ஸ்3டி, 96 எம்பி எல்3. அவ்வளவு பெரிய திண்ணை இருந்தால் ப்ராசஸர் ராம் வரைக்கும் இறங்கிப் போவதே குறைவு, ராம் வேகத்தால் விளையாட்டில் கிடைப்பதும் அதற்கேற்ற மாதிரி குறைவு. சொன்னேன், காதில் ஏறவில்லை. நான்கு ஸ்டிக் போட்டால் இன்னும் வேகமாகுமா என்றுகூட ஒருமுறை கேட்டான். அந்த ப்ராசஸர் வரிசைக்கு நான்கு ஸ்டிக்கில் அதிகாரபூர்வமாக உறுதி தரப்படுவது 3600 மட்டுமே, இரண்டு ஸ்டிக்கில் 5200. எக்ஸ்போ 6000 என்பதே அதற்கு மேல் நம் சொந்தப் பொறுப்பில் ஏறுவதுதான். நான்கு போடாதே என்று அதட்டியே அனுப்பினேன்.

போன சனிக்கிழமை அவன் தன் கணினியையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். 6400, ராமும் அதன் கட்டுப்பாட்டகமும் ஒரே வேகத்தில், டிரெஃபி 65,535, அதற்கு மேல் அந்தப் பெட்டியில் எண்ணே எழுத முடியாது. அவன் வீட்டில் குளிர்சாதன அறையில் இரவு முழுக்க ஓட்டித் தேறியதாம். நான் ஒன்றும் பேசவில்லை. என் மேசையில் வைத்து, ஜன்னல்களைச் சாத்தி, கிராஃபிக்ஸ் அட்டைக்குப் பளு கொடுத்து, சோதனையை ஓட விட்டேன். மதியம் ஒன்றரை. இரண்டு பேரும் வியர்த்து ஒழுகிக்கொண்டு தேநீர் குடித்தோம். நாற்பத்தெட்டாவது நிமிடத்தில் சிவப்பில் ஒரு வரி வந்தது. அவன் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அங்கிள், ஜன்னலைத் திறந்துவிட்டு ஒருமுறை பார்க்கலாமா?"

நான் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினேன். சுவர் மேல் இரண்டு பெரியது, ஒரு குட்டி. மூன்றும் உள்ளேதான் பார்த்துக்கொண்டிருந்தன.